பீத்தோவனுக்கு ஒரு கட்டியக்காரன்: தருமபுரி, கிருஷ்ணகிரி மேடைகளில் பியானோ பகடி செய்யத் தொடங்குவோருக்கு

மேற்கத்திய செவ்வியல் இசையைப் பியானோவில் வாசித்துச் சபையைச் சிரிக்க வைப்பது பழைய வித்தை. மொசார்ட் 1787இல் திறமையில்லாத இசையமைப்பாளர்களைக் கிண்டல் செய்து ஓர் உருப்படி எழுதினார். அதன் கடைசியில் வாத்தியங்கள் வெவ்வேறு சுருதியில் போய் முட்டிக்கொண்டு நிற்கும். பிரெஞ்சு இசையமைப்பாளர் செயின்ட் சேன்ஸ் 1886இல் விலங்குகளைப் பற்றி எழுதிய தொகுப்பில், ஸ்கேல் பயிற்சி செய்யும் பியானோக்காரர்களையும் ஒரு விலங்காகச் சேர்த்தார். இன்னொரு பிரெஞ்சுக்காரர் எரிக் சாட்டி 1913இல் ஷோபனின் சாவு ஊர்வல இசையை எடுத்துத் திரித்தார். டென்மார்க்கில் பிறந்த விக்டர் போர்க் 1953இல் நியூயார்க்கில் பியானோவோடு தனியாக ஏறிய நகைச்சுவை நிகழ்ச்சி 849 முறை நடந்தது.

அந்த வித்தையை அப்படியே தூக்கிவந்து தருமபுரி கல்யாண மண்டபத்தில் வைத்தால் எடுபடாது. போர்க்கின் சபைக்கு அந்த மெட்டுகள் முன்பே தெரியும்; அவர் ஒரு சுரத்தைத் தவறவிட்டதும் அவர்களுக்குப் புரிந்துவிடும். நம் சபைக்கு மெட்டு தெரியாது. தெரியாத மெட்டில் தப்பான சுரம் வந்தால் 'இவருக்கு வாசிக்க வரவில்லை போலிருக்கிறது' என்றுதான் நினைப்பார்கள். ஆகவே இங்கே முதல் விதி: நாற்று நட்ட பிறகுதான் பிடுங்க முடியும். எந்த மெட்டைக் கெடுக்கப் போகிறீர்களோ அதைச் சுத்தமாக, இரண்டு முறை, காதில் ஊன்றிவிட்டுத்தான் கெடுக்க வேண்டும். இந்த வழிகாட்டியில் உள்ள எல்லா உத்தியும் இந்த ஒரு விதியிலிருந்து வருபவை.

இனி ஒரு நல்ல செய்தி. நம் பக்கத்து ஆட்களுக்குப் பகடியை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. தெருக்கூத்தில் ராஜா கம்பீரமாகப் பாடும்போது பக்கத்தில் நின்று குறுக்குக் கேள்வி கேட்கும் கட்டியக்காரனைப் பார்த்து வளர்ந்தவர்கள். அந்த ஆளைப் பியானோவுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டால் பாதி வேலை முடிந்தது.

எதில் வாசிப்பது

நிஜப் பியானோவைத் தேடி அலைய வேண்டாம். 61 கட்டை கீபோர்டு போதும். ஆனால் மூன்று விஷயம் பாருங்கள். முதலாவது, விரல் அழுத்தத்துக்கு ஏற்ப ஒலி கூடிக் குறைய வேண்டும். அது இல்லாத கீபோர்டில் மெல்லிய ஒலியில் வாசித்துத் திடீரென்று இடிப்பது முடியாது; பகடியில் பாதி அதுதான். இரண்டாவது, சஸ்டெயின் பெடல் (விரலை எடுத்த பிறகும் ஒலியை நீட்டும் மிதி) செருகும் துளை இருக்க வேண்டும். மூன்றாவது, டிரான்ஸ்போஸ் பொத்தான் (எல்லாச் சுரத்தையும் சேர்த்து ஏற்றி இறக்குவது) முன்பக்கத்திலேயே கைக்கு எட்டும்படி இருக்க வேண்டும். சில மாடல்களில் அது மெனுவுக்குள் ஒளிந்திருக்கும். அதில் கட்டியக்காரனால் விஷமம் செய்ய முடியாது.

61 கட்டையில் நடு 'சி'க்குக் கீழே இரண்டு ஆக்டேவ்தான் (ஓர் ஆக்டேவ் என்பது ச முதல் மேல் ச வரை) உண்டு. பீத்தோவனின் 'ஃபியூர் எலிசே'யில் முதல் பகுதி இதற்குள் அடங்கும். பின்னால் வெளியே போகும் இடம் உண்டு. அதனால் முதல் பகுதியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பகடிக்கு அது தாராளம்.

மைக்செட்டோடு இணைப்பதில்தான் பல பேர் மாட்டுகிறார்கள். சின்னக் கீபோர்டுகளில் ஹெட்ஃபோனுக்கும் வெளியீட்டுக்கும் ஒரே துளை. அதில் ஜாக்கைச் செருகியதும் கீபோர்டின் சொந்த ஸ்பீக்கர் அடங்கிவிடும். மேடையில் மானிட்டர் ஸ்பீக்கர் இல்லையென்றால் நீங்கள் வாசிப்பது உங்களுக்கே கேட்காது. அந்தத் துளை ஸ்டீரியோ. மைக்செட்காரர் கொண்டுவரும் மோனோ ஜாக்கைச் செருகினால் ஒரு பக்கத்து ஒலி எர்த்தோடு சேர்ந்து செத்துப்போகும். சில கீபோர்டுகளில் சத்தம் கரகரக்கும். ஒரு ஸ்டீரியோ ஜாக்கிலிருந்து இரண்டு மோனோ ஜாக்காகப் பிரியும் கேபிளை நீங்களே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கரண்ட் போனால் நிகழ்ச்சி நிற்காமலிருக்கக் கீபோர்டில் பேட்டரியும் போட்டு வையுங்கள். பல மாடல்களுக்கு 6 வேண்டும், சிலவற்றுக்குப் பென்சில் பேட்டரி, சிலவற்றுக்குப் பெரியது. மைக்செட் நின்றாலும் ஜாக்கை உருவிவிட்டால் கீபோர்டின் ஸ்பீக்கர் முன் நாலு வரிசைக்காவது கேட்கும்.

பெடல் மண்டபத்து டைல்ஸில் வழுக்கிக்கொண்டே போகும். அடியில் ரப்பர் மிதியடி ஒன்றைப் போடுங்கள்.

கட்டியக்காரனைத் தேர்ந்தெடுப்பது

அவருக்குப் பியானோ தெரிய வேண்டியதில்லை, தெரியாமலிருப்பதே நல்லது. தாளம் தெரிய வேண்டும், உங்கள் வாயைப் பார்க்காமல் கையைப் பார்த்து எடுப்பு எங்கே என்று பிடிக்கத் தெரிய வேண்டும். வேலைப் பிரிவினை இப்படி: பியானோக்காரர் சிரிக்கவே கூடாது, பேசுவதும் குறைவு. அவருக்கு இந்த இசை உயிர். கட்டியக்காரருக்கு அது என்னவென்றே புரியவில்லை, ஆனால் உதவி செய்ய ஆசை. இருவரில் ஒருவர் கூட மற்றவரை மட்டம் தட்டக் கூடாது. பியானோக்காரர் எரிச்சல்பட்டால் சபை இறுகிவிடும். பொறுத்துப் போனால் சிரிப்பு தானாக வரும்.

கூத்தில் போலவே வரவு வையுங்கள். இரண்டு பேர் வேட்டியை விரித்துத் திரை பிடிக்க, அதற்குப் பின்னால் பியானோக்காரர் நிற்கட்டும். கட்டியக்காரர் முன்னால் நின்று விசாரிக்கட்டும்.

"வந்திருக்கிறது யாருங்க சாமி?"
"லுட்விக் வான் பீத்தோவன்."
"எந்த ஊருங்க?"
"பிறந்தது பான். வாழ்ந்தது வியன்னா."
"பென்னாகரம் தெரியும். இது என்னங்க வியன்னாகரம்? அதுக்கு அந்தாண்டயா, இந்தாண்டயா?"

இதில் ஒரு நன்மை இருக்கிறது. சிரிப்போடு சிரிப்பாக, பாட்டை எழுதியவர் பெயரும் ஊரும் சபைக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. அடுத்து வாசிக்கப் போகும் மெட்டுக்கு அதுவே நாற்றங்கால். ஒரு உருப்படிக்கு ஆறு ஏழு வரிக்கு மேல் பேச்சு வேண்டாம்.

தருமபுரி, பென்னாகரம், காவேரிப்பட்டணம் பக்கம் இந்தப் பேச்சு நன்றாக ஓடும். ஓசூர், தேன்கனிக்கோட்டை மேடைகளில் சபையில் தெலுங்கும் கன்னடமும் பேசுவோர் கலந்திருப்பார்கள். அங்கே பேச்சைப் பாதியாக வெட்டி, நாற்காலி, தாள், கை ஆகியவற்றால் வரும் சிரிப்பைக் கூட்டுங்கள்.

முதல் உருப்படி: ஹைடனின் இடி

தொடங்குபவர்கள் இதில்தான் தொடங்க வேண்டும். சபைக்கு முன்னறிவு எதுவும் தேவைப்படாத ஒரே உருப்படி இது. ஹைடன் 1791இல் எழுதிய 94ஆம் சிம்பொனியின் இரண்டாம் பகுதி தாலாட்டு போல மென்மையாகப் போகும். மெட்டு: சி சி இ இ ஜி ஜி இ, எஃப் எஃப் டி டி பி பி ஜி. ஒரு விரலால்கூட வாசிக்கலாம். எட்டு அடி (பார்) மெல்லிய ஒலியில், மறுபடி அதே எட்டு இன்னும் மெல்லியதாக, அதன் முடிவில் திடீரென்று ஜி மேஜர் கோர்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) முழு பலத்தோடு. நாற்று நடுவதையும் பிடுங்குவதையும் ஹைடனே செய்து கொடுத்துவிட்டார்.

படிகள்: மெல்லிய பகுதியைக் கீபோர்டின் ஒலி அளவைக் குறைத்து வாசிக்காதீர்கள். ஒலி அளவு கடைசிவரை ஒன்றே. விரல்தான் மெலிய வேண்டும். இரண்டாம் முறை வாசிக்கையில் கட்டியக்காரர் நாற்காலியில் தலை சாய்த்துத் தூங்கத் தொடங்கட்டும். இடிக்கு இடது கை ஜி, டி, வலது கை ஜி, பி, டி, ஜி. பெடலை முன்கூட்டி அழுத்தி வைத்தால் முந்தைய சுரங்கள் கலந்து இடியை மழுங்கடித்துவிடும்; கோர்டு விழுந்த அடுத்த நொடியில் அழுத்துங்கள். இடி முடிந்ததும் எதுவும் நடக்காதது போல மெட்டைத் தொடருங்கள்.

கெடுவது எங்கே? மைக்செட்காரரிடம் முன்பே சொல்லாவிட்டால் மெல்லிய பகுதியில் அவர் ஒலியை ஏற்றிவிடுவார். அப்புறம் இடி விழும்போது ஸ்பீக்கர் கிழியும், முன்வரிசையில் குழந்தைகள் அழும். ஒத்திகையில் இடியை முதலில் அடித்துக் காட்டி, 'இதுதான் உச்சம், இதற்கு அளவு வையுங்கள்' என்று சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது: 'ஃபியூர் எலிசே'யில் சிக்கிக்கொள்வது

பீத்தோவன் 1810இல் எழுதியது. அவர் இறந்து நாற்பது வருடம் கழித்து 1867இல்தான் அச்சானது. போனில் 'காத்திருக்கவும்' என்று சொல்லிவிட்டு ஓடவிடும் இசையாக நம் ஆட்களும் கேட்டிருப்பார்கள். பெயர் தெரியாது, மெட்டு தெரியும். அதனால் கட்டியக்காரர் போனைக் காதில் வைத்துக்கொண்டு காத்திருக்கும் காட்சியாக இதை அமையுங்கள்.

எடுப்பு: இ, டி ஷார்ப், இ, டி ஷார்ப், இ, பி, டி, சி, ஏ. முதல் இரண்டு சுரம் மாறி மாறி ஆடுவதுதான் நமக்குத் தேவையான இடம். முதல் பகுதியை ஒருமுறை முழுதாக, அழகாக வாசியுங்கள். இரண்டாம் முறை எடுப்பில் இ, டி ஷார்ப் ஜோடியை நாலு முறை கூடுதலாக ஆடி, வெளியே வந்துவிடுங்கள். மூன்றாம் முறை வெளியே வரமுடியாமல் மாட்டிக்கொள்ளுங்கள். வலது கை ஆடிக்கொண்டே இருக்க, நீங்கள் அந்தக் கையைக் கவலையோடு பார்க்க வேண்டும். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்து நகர்த்திப் பாருங்கள். பிறகு கட்டியக்காரர் போனில் "இன்னும் லைன்லதான் இருக்கேங்க" என்று சொல்லட்டும். கடைசியில் அவர் கீபோர்டின் ஓரத்தைத் தட்ட, மெட்டு பி, டி, சி, ஏ என்று விடுபட்டு இறங்கும்.

இந்த இடத்தைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. பீத்தோவனே மெட்டுக்குத் திரும்பி வரும் முன் இந்த இரு சுரத்தையும் நீட்டி ஆடவிட்டிருக்கிறார். பகடி அவர் விட்ட இடத்திலிருந்து பத்தடி கூடுதலாக நடக்கிறது, அவ்வளவுதான். உருப்படிக்குள்ளேயே இருக்கும் ஒரு குணத்தைக் கண்டுபிடித்து அதைப் பெருக்குவதே நல்ல பகடி. வெளியிலிருந்து ஒட்டும் சேட்டை ஒரு முறைக்கு மேல் தாங்காது. நோட்டேஷனைத் திறந்ததும் முதலில் தேட வேண்டியது இதைத்தான்: இந்த மனிதர் எதைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்?

எத்தனை முறை ஆடலாம்? பதினாறு முறை வரை சிரிப்பு ஏறும். பிறகு கொஞ்சம் அடங்கும். அடங்கிய பிறகும் விடாமல் போனால் மறுபடி ஏறும். அந்த இரண்டாவது ஏற்றத்துக்குப் பொறுமை வேண்டும். தொடக்கத்தில் பதினாறோடு நிறுத்துங்கள்.

டிரான்ஸ்போஸ் விஷமத்தை இங்கேயே சேர்க்கலாம். வாசித்துக்கொண்டிருக்கும்போது கட்டியக்காரர் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் அடுத்த சுரத்திலிருந்து எல்லாம் அரைச்சுரம் ஏறும். நம் பாஷையில் சொன்னால் ஒரு கட்டைக்கு வாசித்தது ஒன்றரை கட்டைக்குப் போகிறது. வரியின் நடுவில் அழுத்தினால்தான் சபைக்கு உறைக்கும். வரி முடிந்து மூச்சு விடும் இடத்தில் அழுத்தினால் யாரும் கவனிக்க மாட்டார்கள். உருப்படி முடிந்ததும் அதைப் பழையபடி பூஜ்யத்துக்குக் கொண்டுவர ஒருவரைப் பொறுப்பாக வையுங்கள். மறந்தால் அடுத்த உருப்படி முழுக்கத் தப்பான சுருதியில் போகும்.

மூன்றாவது: ஐந்தாம் சிம்பொனியும் தக்காளிச் சந்தையும்

1808 டிசம்பரில் வியன்னாவில் முதன்முதல் ஒலித்த பீத்தோவனின் ஐந்தாவது சிம்பொனி: ஜி ஜி ஜி, இ ஃபிளாட். பிறகு எஃப் எஃப் எஃப், டி. மூன்று குறுக்கம், ஒரு நீட்டம். இந்தச் சந்தம் தமிழில் எங்கே இருக்கிறது என்று தேடினால் கையிலேயே கிடைக்கிறது: "எவ்வளவூ?" அதற்குப் பதில் "விலைகுறை!" ராயக்கோட்டையிலோ பாலக்கோட்டிலோ தக்காளிச் சந்தைக்குக் காலையில் போனவர்களுக்கு மேலே விளக்கம் தேவையில்லை.

இது வெறும் வார்த்தை ஒட்டல் இல்லை. அந்த நாலு சுரத்தை பீத்தோவன் வயலினிலிருந்து வயோலாவுக்கு, மறுபடி வயலினுக்கு என்று கைமாற்றிக்கொண்டே போகிறார். கேள்வி ஒரு பக்கம், பதில் இன்னொரு பக்கம், குரல் உயர்ந்துகொண்டே போவது, திடீரென்று எல்லோரும் நின்று ஒரே நீண்ட சுரத்தில் முறைத்துக்கொள்வது. பேரம் அப்படியே இருக்கிறது. பியானோ மேதை ஃபிரான்ஸ் லிஸ்ட் பீத்தோவனின் ஒன்பது சிம்பொனிகளையும் பியானோவுக்கு எழுதி வைத்திருக்கிறார். ஐந்தாவதின் முதல் பக்கத்தை அவருடைய நோட்டேஷனில் பார்த்துவிட்டு, உங்கள் கைக்கு ஏற்பச் சுருக்கிக்கொள்ளுங்கள்.

எடுப்பில் ஒரு நுணுக்கம். தாளத்தின் முதல் தட்டில் சுரம் இல்லை. அரைக்கணம் மௌனம், அதற்குப் பிறகுதான் மூன்று ஜி. அந்த மௌனத்தை விட்டு, தாளத்தின் மேலேயே முதல் ஜியை அடித்தால் மூன்றும் உருண்டு ஒன்றாகிவிடும். 'எவ்வளவு' என்ற சொல்லும் பொருந்தாது. தலையை ஒருமுறை அசைத்து மூச்செடுங்கள், அந்த அசைவுதான் காலித் தட்டு.

முதலில் வார்த்தை இல்லாமல் இருபது நொடி வாசியுங்கள். பிறகு கட்டியக்காரர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, வலது கையின் வரிகளுக்குக் கேள்வியும் இடது கையின் வரிகளுக்குப் பதிலும் சொல்லட்டும். நீண்ட சுரத்தில் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். அந்தச் சுரத்தை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பிடிக்கலாம், பீத்தோவனே அங்கே நிறுத்தக் குறி போட்டிருக்கிறார். தக்காளிக்குப் பதில் ஜூன், ஜூலையில் கிருஷ்ணகிரிப் பக்கம் மேடையென்றால் மாம்பழம் வையுங்கள். விவசாயிக்குக் கட்டாத விலை கிடைப்பதைக் கேலி ஆக்காதீர்கள். பேரம் பேசும் விதத்தில் மட்டும் சிரிப்பு இருக்கட்டும்.

நான்காவது: சரளி வரிசை, பாக் பாணியில்

இது இந்த வழிகாட்டியிலேயே கடினமானது, பலனும் அதிகம். பாட்டு வகுப்புக்குப் போன எல்லா வீட்டுக்கும் சரளி வரிசை தெரியும். ஆகவே நாற்று முன்பே நட்டிருக்கிறது. மாயாமாளவகௌளையைச் சியில் வைத்தால்: சி, டி ஃபிளாட், இ, எஃப், ஜி, ஏ ஃபிளாட், பி, சி. பாக் இரண்டு கைக்கும் தனித்தனி மெட்டு வைத்து எழுதிய சின்ன உருப்படிகளான இரு குரல் இன்வென்ஷன்களில் முதலாவதும் படிப்படியாக ஏறும் ஒரு சின்ன மெட்டில்தான் தொடங்குகிறது. வலது கை சொன்னதை இடது கை ஓர் ஆக்டேவ் கீழே திருப்பிச் சொல்லும்.

எல்லோரும் முதலில் செய்யும் தப்பு: வலது கை 'ச ரி க ம' முடித்து 'ப த நி ச' போகும்போது இடது கையில் 'ச ரி க ம'வைத் தொடங்குவது. அப்போது இரண்டு குரலும் ஐந்தாம் சுர இடைவெளியிலேயே ஒட்டிக்கொண்டு ஏறும். பாக் காலத்துச் சட்டப்படி அது விலக்கு. காதுக்கும் இரண்டு கை தனித்தனி ஆளாகக் கேட்காது. சரிசெய்வது எளிது. இடது கை 'ச ரி க' போகும்வரை வலது கை 'ப'விலேயே நிற்கட்டும். இடது கை 'ம'வுக்கு வரும்போது வலது கை 'த'வுக்கு ஏறட்டும். பிறகு இடது 'ப', வலது 'நி'. இரண்டும் 'ச'வில் முடிவு. அச்சு அசல் பாக் முடிப்பு போலவே விழும்.

இனி சிரிப்பு. கட்டியக்காரர் இங்கே பாட்டு வாத்தியாராகி, தொடையில் ஆதி தாளம் போடுகிறார். முதல் காலம் முடிந்ததும் இரண்டாம் காலம் கேட்கிறார். பிறகு மூன்றாம் காலம். மெட்ரோனோம் என்ற தாளக் கருவியை 60இல் (நிமிடத்துக்கு 60 தட்டு) வைத்தால் முதல் காலத்தில் நொடிக்கு ஒரு சுரம், இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் நாலு. இதுவரை எல்லோராலும் முடியும். அதற்கு மேல் அவர் நான்காம் காலம் கேட்கும்போது பியானோக்காரர் முதன்முறையாக நிமிர்ந்து அவரைப் பார்க்க வேண்டும். அந்தப் பார்வைக்காகத்தான் இவ்வளவு தூரம் சிரிக்காமல் இருந்தது. வகுப்பில் பயன்படுத்தும் 60ஐ விட்டு மேடையில் 72க்கு மேல் ஏற்ற வேண்டாம். மூன்றாம் காலம் தடுமாறினால் நான்காம் காலக் கேள்விக்கு அர்த்தமே இல்லை.

சாமான்களால் வரும் சிரிப்பு

பிளாஸ்டிக் நாற்காலி. பியானோ இசைவாணர்கள் ஸ்டூலின் உயரத்தைத் திருகித் திருகிச் சரிசெய்வது பழைய நகைச்சுவை. நம் மண்டபத்தில் அந்த ஸ்டூல் இல்லை. அடுக்கி வைத்த பிளாஸ்டிக் நாற்காலி இருக்கிறது. நாலு நாற்காலி அடுக்கின்மேல் உட்கார்ந்து தொடங்குங்கள். அதிருப்தி. கட்டியக்காரர் ஒன்றை உருவுகிறார். மறுபடி உட்கார்ந்து பார்த்து அதிருப்தி. கடைசியில் ஒரே நாற்காலி. உருவிய மூன்றில் கட்டியக்காரர் உயரமாக உட்கார்ந்திருக்கிறார். நாலுக்கு மேல் அடுக்காதீர்கள், ஆடும். கால் விரிசல் விட்ட நாற்காலி அடுக்கில் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கையால் அழுத்திப் பாருங்கள். விழுவது போன்ற நகைச்சுவை புதியவர்களுக்கு வேண்டவே வேண்டாம்.

நீளத் தாள். 12 ஏ4 தாளை அகலவாட்டில் குறுகிய ஓரங்களைச் சேர்த்து ஒட்டினால் ஏறத்தாழ மூன்றரை மீட்டர் வரும். மூட்டுகளை முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றி டேப் ஒட்டினால்தான் விசிறி மடிப்பாக நிற்கும். ஸ்டாண்டில் மடிப்பாக வைத்து, முதல் தாளைத் திருப்பும்போது மொத்தமும் தரைவரை விழ வேண்டும். மண்டபத்துப் பெரிய மின்விசிறி முன்கூட்டியே அதைப் பறக்கவிடும். உங்கள் கை தொடும்வரை ஒரு துணிக் கிளிப் போட்டு வையுங்கள்.

மரக்கை. ரஷ்ய இசையமைப்பாளர் ரக்மானினோவின் கைகள் மிகப் பெரியவை. அவருடைய கோர்டுகளுக்குச் சாதாரணக் கை எட்டாது. இகுடெஸ்மன், ஜூ என்ற இருவர் அணி மேடையில் மரச்சட்டங்களை எடுத்து ஒரே அடியில் அந்தக் கோர்டுகளை வாசிப்பது பிரபலம். நீங்கள் எளிய ஒன்றைச் செய்து பார்க்கலாம். முழு அளவுக் கீபோர்டில் வெள்ளைக் கட்டை ஒன்றின் அகலம் ஏறத்தாழ 23.5 மி.மீ.; உங்களுடையதை அளந்து உறுதி செய்யுங்கள். சியிலிருந்து இரண்டு ஆக்டேவ் மேலே உள்ள சி வரை 15 வெள்ளைக் கட்டை, அதாவது சுமார் 35 செ.மீ. 36 செ.மீ. ரீப்பர் ஒன்றை இழைத்து, சி, இ, ஜி விழும் இடங்களில் மட்டும் நாற்காலிக் காலுக்கு மாட்டும் ரப்பர் புஷ்களை ஒட்டுங்கள். புஷ்ஷின் விட்டம் 15 மி.மீ.க்கு மேல் போனால் பக்கத்துக் கட்டையையும் சேர்த்து அழுத்தும். உயரம் 20 மி.மீ. இருக்கட்டும், கட்டை சுமார் 10 மி.மீ. கீழே இறங்குவதால் அதைவிடக் குட்டையாக இருந்தால் சட்டமே எல்லாக் கட்டைகளையும் இடிக்கும். கருப்புக் கட்டைகளுக்கு முன்னால் உள்ள வெள்ளை ஓரத்தில் வைத்து, அறையாமல் அழுத்துங்கள். அறைந்தால் உடைவது உங்கள் கீபோர்டு.

முடிக்கவே முடியாத முடிவு

செவ்வியல் உருப்படிகள் 'முடிந்தது, முடிந்தது' என்று திரும்பத் திரும்பச் சொல்லி முடிவதைச் சாட்டி கேலி செய்திருக்கிறார்; ஹைடன் 1781இல் எழுதிய ஒரு குவார்ட்டெட்டில் (நாலு வாத்தியத்துக்கான உருப்படி) பொய் முடிவுகளை வைத்துக் கைதட்டுவோரை ஏமாற்றினார். ஜி மேஜர், சி மேஜர் என்று இரண்டு கோர்டு அடித்து எழுந்து கும்பிடுங்கள். கைதட்டல் தொடங்கியதும் சட்டென்று உட்கார்ந்து இன்னும் நாலு கோர்டு. மறுபடி. மூன்றாம் முறை எழுந்து படிக்கட்டுவரை போய்த் திரும்பி ஓடிவந்து ஒரே ஒரு சி.

இதைக் கெடுப்பவர்கள் இரண்டு பேர். ஒருவர் தொகுப்பாளர்; முதல் கைதட்டலிலேயே மைக்கை எடுத்து நன்றி சொல்லிவிடுவார். இன்னொருவர் மைக்செட்காரர், இரண்டு நொடி மௌனம் வந்தால் சினிமாப் பாட்டை ஓடவிடுவார். 'நான் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் பிடித்தால்தான் முடிந்தது' என்று இருவரிடமும் ஓர் அடையாளம் சொல்லி வையுங்கள். பொன்னாடையோடு காத்திருப்பவர்களிடமும்.

ஒத்திகைக் கணக்கு

மொத்தம் ஏழு நிமிடம் போதும்: ஹைடன் ஒன்றரை, எலிசே இரண்டு, ஐந்தாம் சிம்பொனி ஒன்று, சரளி இரண்டு, முடிவு அரை. முதல் இரண்டு வாரம் சிரிப்பே இல்லாமல் எல்லாவற்றையும் ஒழுங்காக வாசிக்கப் பழகுங்கள். தப்பை எந்த இடத்தில் செய்கிறோம் என்று துல்லியமாகத் தெரிய வேண்டுமென்றால் சரியானது விரலில் ஊறியிருக்க வேண்டும். மூன்றாம் வாரம் கட்டியக்காரரோடு. நாலாம் வாரம் போனில் வீடியோ எடுத்து ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். ஒலியில்லாமலே எங்கே வேடிக்கை என்று தெரிந்தால் உடல் வேலை சரி. பிறகு படத்தைப் பார்க்காமல் ஒலி மட்டும் கேளுங்கள். தப்பு வேண்டுமென்றே செய்ததாகக் கேட்கிறதா? தயங்கித் தயங்கி அடித்த தப்பு சுரம் நிஜத் தப்பாகக் கேட்கும். தப்பைச் சரியான சுரத்தைவிட உறுதியாக அடிக்க வேண்டும்.

திக்குவாய், உடல் ஊனம், யாருடைய சாதி, தொழில் என்று எதையும் மேடையில் தொடாதீர்கள். கல்யாண வீட்டில் சாவு ஊர்வல இசையையும் தவிர்க்கவும். அது என்ன இசை என்று தெரிந்த பெரியவர் ஒருவர் இருந்தாலும் போதும், வீட்டாருக்கு மனம் நோகும்.

இடமும் நேரமும்

கல்யாண வரவேற்பில் மணமக்களுக்கு மொய் வைக்கும் வரிசை தொடங்கிவிட்டால் மேடையை யாரும் பார்க்க மாட்டார்கள். முதல் பந்திக்கு முன்பே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பள்ளி ஆண்டு விழாவில் ஐந்து நிமிடத்துக்கு மேல் கிடைக்காது, சரளியும் ஹைடனும் மட்டும் எடுத்துப் போங்கள். ஓசூர் அடுக்குமாடிக் குடியிருப்பு விழாக்களில் பியானோ கற்கும் பிள்ளைகள் பலர் இருப்பார்கள், எலிசேயை நன்றாகத் தெரிந்தவர்கள். அங்கே முதல் முறை வாசிப்பதைச் சுருக்கலாம்.

பாட்டு உரிமை பற்றி ஒரு வார்த்தை. இந்தியச் சட்டப்படி இசையமைத்தவர் இறந்து 60 வருடம் வரைதான் காப்புரிமை. பீத்தோவன், ஹைடன், பாக் எல்லாம் அதைத் தாண்டி வெகுகாலம். ஆனால் வேறொருவர் வாசித்த ஒலிப்பதிவை ஓடவிட்டு வீடியோ போட்டால் அந்தப் பதிவுக்குத் தனி உரிமை உண்டு. நீங்களே வாசியுங்கள். சினிமா மெட்டைக் கலந்து வீடியோவாகப் போடுவதைத் தவிருங்கள்.

எல்லாம் முடிந்து, மறுபடி கூப்பிட்டால் எலிசேயின் முதல் பகுதியை எந்தச் சேட்டையும் இல்லாமல் ஒருமுறை வாசியுங்கள். கட்டியக்காரர் போனைப் பையில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கட்டும். கடைசி ஏ அடங்கியதும் பெடலை மெல்ல விடுங்கள், துண்டை எடுங்கள். ஜாக்கை உருவும் முன் மைக்செட்காரர் ஒலியை இறக்கிவிட்டாரா என்று பாருங்கள். இறக்காமல் உருவினால் டப்பென்று ஓர் அடி கேட்கும், அதற்கும் சபை சிரிக்கும்.